நான்காம் பெயருக்கு விட்ட இடம்

போகாதவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்? ஓட்டுநர் இருக்கையிலிருந்து நான் இப்படிக் கேட்டதற்கு வேன் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கொரியப் பாடல் குழு புதிதாக ஒரு பாட்டு வெளியிட்டால் அதற்குப் பெயர் 'கம்பேக்'. போன மாதம்தான் மேடையில் ஆடினார்கள். நேற்றுகூடக் கைப்பேசியில் நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே ரசிகர்களோடு பேசினார்கள். இருந்தும் புதுப் பாட்டு வந்துவிட்டால் கம்பேக்காம். "எங்கடி போனாங்க, திரும்பி வர்றதுக்கு?" என்றேன். "ஐயோ அம்மா, அது அப்படித்தான் லா," என்று தலையில் அடித்துக்கொண்டாள் என் மகள்.

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்து யோங் பெங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். சின்னப் பிள்ளைகள் முன் இருக்கைகளில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். பின் இருக்கைதான் நாடாளுமன்றம். படிவம் ஐந்தில், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கும் என் மகள், அவளுடைய மலாய்த் தோழி, சீனத் தோழி என்று மூன்று உறுப்பினர்கள். வீட்டில் மூவருக்கும் மூன்று மொழி, மூன்று சாப்பாடு. ஆனால் அந்தக் குழு என்று வந்துவிட்டால் மூவரும் ஒரே கட்சி. குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வேறு குழுக்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மகள் எச்சரித்திருக்கிறாள். ஆறு பேர் கொண்ட குழு, அது போதும்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் ஒரு பாட்டைப் போட்டால் "ஆன்டி, ப்ளீஸ்" என்று பின்னாலிருந்து கைப்பேசியை நீட்டுவார்கள். ஆனால் தினமும் காதில் விழுகிற பேச்சு எவ்வளவு நாளைக்கு வெளியிலேயே நிற்கும்? மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. ஆறு பேரில் நமக்கு மிகவும் பிடித்தவர் 'பயஸ்'. நாம் உண்டு நம் பயஸ் உண்டு என்று இருக்கும்போது குறுக்கே வந்து மனத்தைக் கலைக்கிறவர் 'பயஸ் ரெக்கர்'. முதல் முறை மேடையேறுவது 'டெபியூ'. என் கணவர் வண்டிகளுக்கு ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். "உங்கப்பாவுக்கு பயஸ் யாரு தெரியுமா? கம்ப்ரஸர்தான். நான் அந்த லிஸ்ட்லயே இல்ல," என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் என்னையும் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு சொல்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒருநாள் மதியம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மகளின் குரல்: "மக்னே அழுறான், பாவம்! பார்க்கவே முடியல!" என் காதில் விழுந்தது 'மகனே' என்றுதான். ஈரக் கையோடு ஓடினேன். "என்னடி, அண்ணன் கூப்பிட்டானா? ஏன் அழுறான்?" மகள் திருதிருவென்று விழித்தாள். குழுவிலேயே வயதில் இளையவனைக் கொரிய மொழியில் 'மக்னே' என்று சொல்வார்களாம். அந்தக் கடைக்குட்டி ஏதோ விருது வாங்கி மேடையில் அழுதிருக்கிறான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் என்றால் என் மூத்தவன். அப்பாவின் பட்டறையில் அவருக்கு வலது கையாக இருந்தவன். பள்ளி முடித்த கையோடு அதே வேலையைக் கற்றான், நன்றாகவே கற்றான். பிறகு சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களுக்கு ஏர்கண்டிஷன் பொருத்தும் வேலைக்கு மனுப்போட்டு, அது கிடைத்தும்விட்டது. ஜோகூரில் இது அன்றாடம் நடக்கிற சங்கதி. எந்த வீட்டில் பார்த்தாலும் ஒருவர் சிங்கப்பூருக்குப் பாலம் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். இவன் செய்த பிழை, அதை அப்பாவிடம் சொல்லத் தயங்கித் தள்ளிப்போட்டது. உதிரிப்பாகக் கடைக்காரர் "மகன் சிங்கப்பூருக்குப் போறாராமே, சந்தோஷம்" என்று வாழ்த்தியபோதுதான் இவருக்கே விஷயம் தெரிந்தது. அன்று வீட்டில் நடந்த கூச்சலை நான் எழுத மாட்டேன். இரண்டு பேருக்கும் வாய் நீளம். அதில் பாதி என்னிடமிருந்து போனதுதான்.

மகன் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கினான். அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோனான். இது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அறுத்தது வேறொன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கி "பேர், நட்சத்திரம்" என்பார். சொல்வது எப்போதும் என் கணவர்தான், அதுவும் வயது வரிசையில். பெயர்களை விட்டுவிடுகிறேன், நட்சத்திரம் போதும். உத்திரம், கன்னி ராசி, அவர். பூசம், கடக ராசி, நான். அனுஷம், விருச்சிக ராசி, மகன். திருவோணம், மகர ராசி, மகள். மகள் பிறந்த நாள் முதலாகப் பாட்டுப் போல வந்துகொண்டிருந்த வரிசை அது. சண்டைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பூசத்திலிருந்து நேராகத் திருவோணத்துக்குப் போனார். குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் சொன்னபடியே சொல்லி முடித்தார்.

நான் வேறொரு நாள் தனியாகப் போய் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அம்மா செய்யாமல் இருப்பாளா? ஆனால் அவன் தொலைபேசியில் என்னைக் கேட்டது அது அல்ல. ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டான்: "அம்மா, அப்பா அர்ச்சனையில என் பேரச் சொல்றாரா?" எனக்குப் பொய் வராது. வந்தாலும் நிற்காது. சாப்பிட்டியாடா என்று கேட்டேன். "பரவால்லமா, சும்மாதான் கேட்டேன்," என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேள்வியை அவன் இன்னொரு முறை கேட்கும்போது நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். கணவரிடம் நேரடியாகச் சொல்லிப் பார்த்தேன். "பட்டறையில இல்லாதவன் பேரு என் வாயில எதுக்கு?" என்றார். அதோடு முடிந்தது பேச்சு.

அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது பின் இருக்கைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் குழுவின் வரலாறு முழுக்கத் தலைகீழ்ப் பாடம். டெபியூ மேடையில் யாருடைய ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, முதல் இரண்டு பாட்டுகள் எப்படிக் கேட்பாரற்றுப் போயின, இசை நிகழ்ச்சியில் முதல் பரிசு, அதாவது அவர்கள் பாஷையில் 'ஃபர்ஸ்ட் வின்', வாங்கியபோது ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து எப்படி அழுதார்கள் என்பதையெல்லாம் கூடவே நின்று பார்த்தவர்கள் மாதிரி சொல்வார்கள். அந்த முதல் பரிசு கிடைத்தபோது இவர்கள் ஆரம்பப்பள்ளியில் மூக்கொழுகிக்கொண்டிருந்திருப்பார்கள். சின்ன அரங்கம், பெரிய அரங்கம், விளையாட்டரங்கம் என்று குழு ஏறிய ஒவ்வொரு படிக்கும் ஆண்டுதோறும் நன்றி சொல்கிறார்கள். தங்களுக்கு ஒரு வெள்ளிக்காசு லாபமில்லாத இன்னொருவரின் வளர்ச்சியை இப்படி நெஞ்சில் சுமக்க ஒரு மனம் வேண்டும். என் திருமண நாளை மறந்துபோன உறவினர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஏழாம் ஆண்டு வந்தது. கொரியக் குழுக்கள் பெரும்பாலும் நிறுவனத்தோடு ஏழு ஆண்டுக்குத்தான் ஒப்பந்தம் போடுமாம். அது முடிகிற சமயம் ரசிகர்களுக்கு ஒரே கேள்விதான். புதுப்பிப்பார்களா, கலைந்துவிடுவார்களா? பின் இருக்கையில் அந்த வாரங்களில் பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு மதியம் பள்ளி வாசலில் மூவரும் கண் சிவந்து ஏறினார்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வயதில் நான்காமவர் போடவில்லை, தனியாகப் போகிறாராம். மலாய்த் தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குடி இப்படி?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். ஒருவர் வேலை மாறிப் போனதற்கு எங்கள் வீட்டில் என்ன பாடு பட்டோம் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாளே வேறு பிரச்சினை. பாட்டின் நடுவே ரசிகர்கள் சேர்ந்து கத்துவதற்கென்று ஒரு வரிசை உண்டு, 'ஃபேன்சாண்ட்' என்பார்கள். பாட்டு தொடங்கும்போது ஆறு பேரின் பெயரையும் வயது வரிசையில், தாளம் தப்பாமல் கத்த வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. இப்போது நிறுவனம் ஐந்து பெயரோடு புதிய வரிசையை வெளியிட்டுவிட்டது. சீனத் தோழி புதிய வரிசைப்படிதான் கத்த வேண்டும் என்றாள், இருக்கிற ஐந்து பேர் மனம் நோகக்கூடாதாம். மலாய்த் தோழி பழையபடி ஆறு பெயரையும் கத்துவேன் என்றாள். ஆறு பேரையும் சேர்த்தே நேசிக்கிறவர்களுக்கு 'ஓடி சிக்ஸ்' என்று பெயர், அவள் அந்த ரகம். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 

முடிவு சொன்னவள் என் மகள். "நாலாவது பேரக் கத்த வேணாம்னா கத்த வேணாம். ஆனா மூணாவதுலருந்து அஞ்சாவதுக்குத் தாவாதீங்க. அவரு எடத்த விட்டுட்டுப் போங்க," என்றாள். அதாவது மூன்று பெயர் கத்திவிட்டு, ஒரு பெயருக்கான நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, பிறகு மற்ற இரண்டு பெயர். இரண்டு தோழிகளும் ஒத்துக்கொண்டார்கள். பயிற்சி அங்கேயே, அப்போதே தொடங்கியது. இந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளும் எங்கள் பக்கத்தில்தானே நிற்கிறாள்.

எனக்கும் அந்த வரிசை மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் வண்டி நிற்க, நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளைகள் சட்டென்று நிறுத்தினார்கள். எனக்குப் பழைய வரிசைதான் பழக்கம். அந்த வெற்றிடத்தில் என் குரல் மட்டும் தனியாக நான்காவது பெயரை உரக்கக் கத்தியது. பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மலாய்த் தோழி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "தெரிமா காசே, ஆன்டி," என்று நன்றி சொன்னாள். விளக்கு பச்சையாகியும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்வதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. என் பிள்ளையின் பெயரை அப்படிக் கத்த வேண்டும் போல இருந்தது.

சில வாரம் கழித்து அந்த நான்காமவருக்குப் பிறந்தநாள் வந்தது. ரசிகர்கள் ஏதாவது ஓர் உணவகத்தில் கூடி, அவருடைய படம் அச்சிட்ட காகிதப் பட்டையைக் காப்பிக் குவளைகளில் சுற்றிக் கொண்டாடுவது ஒரு வழக்கம். அந்த வருடம் குளுவாங்கில் ஏற்பாடு. பிள்ளைகளை நான்தான் கூட்டிப்போவதாக இருந்தது. ஆனால் வேனின் கம்ப்ரஸரை அப்போதுதான் மாற்றியிருந்த என் கணவர், தூரப் பயணத்தில் அது எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தாமே சாவியை எடுத்துக்கொண்டார். ஆயர் ஈத்தாம் வழியாக, இரண்டு பக்கமும் செம்பனை ஓட, பின்னால் பாட்டு ஓட, எல்லோரும் போனோம். அவர் பாட்டைக் கேட்கவில்லை. கம்ப்ரஸரைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

உணவகத்தில் கால் வைத்ததும் "என்னடி இது, கல்யாண வீடு மாதிரி," என்றார். பலூன், கேக், ஆள் உயரத்துக்கு அந்தப் பையனின் அட்டைப்படம். ஏற்பாடு செய்தது இரண்டு சீனப் பெண்கள். ஒருத்தி மருந்தகத்தில் முகப்பில் உட்காருகிறவள், மற்றவள் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். வேலை நேரம் போக மிச்சமிருந்த பொழுதெல்லாம் இதற்காக உழைத்திருக்கிறார்கள். மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறார்கள். வந்த கூட்டத்தில் மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், ஈப்போவிலிருந்து படிக்க வந்த ஒரு பையன், நம் பிள்ளைகள். தள்ளுமுள்ளு இல்லை. ஒருவருக்கு இல்லாத படத்தை இன்னொருவர் கொடுக்கிறார். மேசையில் காப்பி சிந்தினால் சிந்தியவரே துடைக்கிறார். நம் கல்யாண வீடுகளில் பந்திக்கு நடக்கிற போரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

என் கணவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் வரும் வழியில் கதையைச் சொல்லியிருந்தாள். அந்த மருந்தகப் பெண்ணைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார், இவர் குழுவை விட்டுப் போய்விட்டார்தானே என்று. அதில் ஒரு குத்தல் இருந்தது, எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. "சுடா கெலுவார், அங்கிள்," என்று சிரித்தாள். ஆமாம், போய்விட்டார். "தாப்பி ஹரி ஜாடி தெத்தாப் ஹரி ஜாடி." ஆனாலும் பிறந்தநாள் பிறந்தநாள்தானே. சொல்லிவிட்டு அவருக்கு ஒரு துண்டு கேக்கையும் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு திரையில் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்று பெயர்களை ஒரே குரலில் கத்தினார்கள். அப்புறம் மௌனம். எங்கள் வேனில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். பல ஊர்ப் பிள்ளைகளும் தாமாகவே அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் போல. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் கூடம் முழுக்க, ஒரு பெயருக்கான நேரம் வாய்மூடி நின்றது.  என் கணவர் கேக்கை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தியிருந்தார்.

திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவர்தான் ஓட்டினார். ஆயர் ஈத்தாம் தாண்டியதும், "அந்தக் கடையில ஏர்கோன் கேஸ் கம்மி. சொல்லிட்டு வந்திருக்கணும்," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "எடத்த அடைக்காம வச்சிருக்குதுங்க பாரு," என்றார். ம் என்று மட்டும் சொன்னேன். வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்கிறவள் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம் போலக் கோயில். கூட்டம் அதிகம், எங்களுக்குப் பின்னால் நீளமாக வரிசை. குருக்கள் தட்டை வாங்கினார். என் கணவர் தம் பெயரைச் சொல்லி, "உத்திரம், கன்னி ராசி" என்றார். என் பெயரைச் சொல்லி, "பூசம், கடக ராசி" என்றார். பிறகு நின்றுவிட்டார். குருக்கள் காத்திருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். என் நாக்கு நுனியில் என் பிள்ளையின் பெயர் துடித்தது. இந்த முறை நான் சொல்லக்கூடாது என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் தொண்டையைச் செருமினார். ஒருமுறை செருமியது போதவில்லை. பிறகு மகனின் பெயரை முழுப் பெயராகச் சொன்னார். "அனுஷம், விருச்சிக ராசி" என்றார். அதை அப்படியே திருப்பிச் சொன்னபோது, குருக்களின் குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் கேட்டது.

பிரசாதத்தைக்கூட வாங்காமல் வெளியே ஓடி வந்து மகனைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து, எல்லையில் சுங்கச் சோதனைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"சொல்லுங்கம்மா."

"அப்பா இன்னிக்கு உன் பேரச் சொன்னாருடா. அர்ச்சனையில."

முன்னால் நகரச் சொல்லி யாரோ அவனை அதட்டுவது கேட்டது.  

"எல்லாம் முடிச்சிட்டு, கடைசியில சேர்த்துச் சொன்னாராம்மா?"

"இல்லடா. எனக்கு அப்புறம், தங்கச்சிக்கு முன்னால. உன் எடத்துலதான் சொன்னாரு."

அத்தனை பேர் நின்ற அந்த வரிசையில் என் மகன் வாய்விட்டு அழுதான்.